ஆங்கிலம் பழக அட்டைச் செயலியா, இலக்கணப் புத்தகமா, வகுப்பா?

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக் ஒன்றின் கீழே உள்ள கிளினிக்கில் முகப்பு வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதில் மாத்திரைப் பையை நீட்டி ‘ஈட் திஸ் மெடிசின்’ என்றுதான் சொல்வேன். ஒரு வருடம் யாருமே திருத்தவில்லை. தமிழில் மருந்தைச் சாப்பிடுகிறோம், சீனத்திலும் அப்படித்தான், மலாயிலும் ‘மாக்கான் ஊபாட்’தான், அப்புறம் யாருக்கு அது தவறாகப் படும்? பையில் ஒட்டியிருந்த தாளில் ‘டேக்’ என்று இருந்ததை ஒருநாள் உற்றுப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

சிங்கப்பூருக்குப் போனால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்று ஊரில் சொல்லி அனுப்புவார்கள். பேசத் தைரியம் வரும், அது உண்மை. ஆனால் ‘சாப்பிட்டாச்சு’ என்பதை ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்று சொன்னால் காப்பிக்கடையில் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது, அதனால் தவறு தவறாகவே தெரிவதில்லை. அந்தப் பேச்சை நான் குறைத்துச் சொல்லவில்லை, இங்கே நெருக்கம் வருவதே அதில்தான். வேலை நேர்காணலுக்கும் பிள்ளையின் ஆசிரியருக்கு எழுதும் கடிதத்துக்கும் அது போதாது, அவ்வளவுதான். அதற்காக நானும் அண்ணியும் மூன்று வழிகளை முயன்று பார்த்தோம்.

சொற்களுக்கு அட்டைச் செயலிதான், அதாவது ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையுமாக அட்டைகளைக் கைப்பேசியில் காட்டும் செயலி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2006இல் வந்த ஆங்கி (Anki) என்ற செயலியைத்தான் பயன்படுத்துகிறேன். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. தெரிந்த சொல்லை நாள் கணக்கில், வாரக் கணக்கில் தள்ளிப் போட்டு, தடுமாறிய சொல்லை உடனே திரும்பக் காட்டும். ஆனால் யாரோ செய்து வைத்த அட்டைத் தொகுப்பை அப்படியே இறக்கிக்கொள்ளாதீர்கள். அண்ணி அப்படித்தான் ‘மெட்டிகுலஸ்’ (மிக நுணுக்கமான) வரைக்கும் மனப்பாடம் செய்தார், ஈரச்சந்தையில் மீனைச் செதில் எடுத்துத் துண்டு போடச் சொல்ல வாய் வரவில்லை. ஆங்கிலம் கற்பவர்களுக்காக மைக்கேல் வெஸ்ட் என்ற ஆசிரியர் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள்தான், அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி அந்த மாதிரிச் சொற்களில்தான் நடக்கிறது, முதலில் அவை போதும். இன்னொன்று, அட்டையில் தனிச் சொல்லை எழுதாதீர்கள். ‘பாரோ’ (இரவல் வாங்குவது), ‘லெண்ட்’ (இரவல் கொடுப்பது) இரண்டுக்கும் எதிரே ‘இரவல்’ என்று எழுதி வைத்து நான் மாதக்கணக்கில் குழம்பினேன். ‘கேன் ஐ பாரோ யுவர் பென்’ ஒரு அட்டை, ‘கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்’ இன்னொரு அட்டை என்று முழு வாக்கியமாக மாற்றிய பிறகுதான் குழப்பம் தீர்ந்தது.

இலக்கணத்துக்குச் செயலி போதாது, அதற்குப் புத்தகம்தான். நூலகத்தில் 428 என்ற எண்ணுள்ள அடுக்குக்குப் போங்கள், பின்பக்கத்தில் விடை உள்ள பயிற்சிப் புத்தகமாகப் பார்த்து எடுங்கள், விடைகளைத் தனி நோட்டில் எழுதுங்கள். முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை, நம்மை எங்கே தமிழ் இழுக்கிறதோ அந்தப் பாடங்களை மட்டும் பிடியுங்கள். வீட்டில், மேசையில், பஸ் நிறுத்தத்தில் என்று மூன்றுக்கும் நமக்கு ‘இல்’ ஒன்றுதான். ஆங்கிலத்தில் இன், ஆன், அட் என்று பிரிந்துவிடும். ‘போகிறேன்’ என்ற ஒரே சொல் தினமும் போவதையும், இப்போது போய்க்கொண்டிருப்பதையும், நாளைக்குப் போகப்போவதையும் குறிக்கும்; அங்கே வடிவம் மாறும். ‘எ’, ‘தி’ நம்மிடம் இல்லவே இல்லை, அதனால் இந்தப் பாடத்துக்குத்தான் ஆக அதிக நாள் ஒதுக்கினேன், இன்னும் முடிந்தபாடில்லை.

வகுப்பில் கிடைப்பது வேறு: நீங்கள் பேசும்போது ‘இது தவறு’ என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு ஆள். செயலியும் புத்தகமும் அதைச் செய்யாது. ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு நேரம் ஒத்துவருவதில்லை, காசும் ஆகும். 25 வயது நிரம்பிய குடிமக்கள் அங்கீகாரம் பெற்ற வகுப்புக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை (பயிற்சிக்கு அரசு தரும் உதவித்தொகை)ப் பயன்படுத்தலாம், வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.

என்னைப் போல நாள் முழுக்க ஆட்களோடு பேசுபவர் என்றால் ரயிலில் பத்து நிமிடம் அட்டை, விடுப்பு நாளில் புத்தகம், வகுப்பை மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். அண்ணி பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பவர், அவருக்கு முதலில் வகுப்புதான் சரி. பணம் கட்டும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை பேர், அதில் நான் எத்தனை நிமிடம் வாய் திறப்பேன்? சமூக மன்றத்தில் அண்ணி தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலேயே இதைக் கேட்டுவிட்டுத்தான் பெயர் கொடுத்தார்.