சிலேன் போட்ட சிலிக்கா: ஆறு வருடம் கலந்து பார்த்ததில்

ரப்பருக்கு வலுவூட்டும் தூளாகக் கார்பன் பிளாக்கோடு (நுண்ணிய கரித்தூள்) மட்டும் பழகியவர், அதே வேலைக்கு வரும் வெள்ளைத் தூளான சிலிக்காவை முதல்முறை மிக்ஸரில் போட்டால் மிரண்டுதான் போவார். நானும் மிரண்டேன். அதன் மேற்பரப்பு முழுக்க சிலனால் குழுக்கள் (சிலிக்கானோடு ஒட்டிய OH). ரப்பரோடு சேராமல் துகள்கள் தங்களுக்குள்ளேயே கைகோத்துக் கட்டியாகிவிடும். இரட்டை உருளை மில்லில் ஷீட் விறைத்து, ஓரமெல்லாம் பிய்ந்து வந்தது. போதாக்குறைக்கு ஆக்சிலரேட்டரையும் (குயூரை வேகப்படுத்தும் பொருள்) உறிஞ்சிக்கொண்டு, குயூரை, அதாவது கந்தகத்தால் ரப்பர் இறுகுவதை, இழுத்தடித்தது.

அப்புறம்தான் சிலிக்காவையும் ரப்பரையும் இணைக்கும் டிஇஎஸ்பிடி (TESPT) சிலேனைச் சேர்த்தேன், சிலிக்கா எடையில் 8 சதவீதம். அதன் எத்தாக்ஸி முனைகள் சிலிக்காவைப் பிடிக்கும். நடுவில் இருக்கும் கந்தகச் சங்கிலி குயூரின்போது ரப்பரைப் பிடிக்கும். மூனி (குயூர் ஆகாத ரப்பரின் பிசுக்குமை அளவு) இறங்கியது, சரி. ஹார்ட்னஸும் கொஞ்சம் இறங்கியதும் வலு போய்விட்டதோ என்று பயந்தேன். உடைந்தது துகள்களின் கட்டிதான். 300 சதவீத நீட்சியில் மாடுலஸ் (அந்த நீளத்துக்கு இழுக்கத் தேவையான தகைவு) நன்றாக ஏறியிருந்தது, தேய்மானமும் குறைந்தது. அன்றிலிருந்து ஹார்ட்னஸ் எண்ணை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

ஆனால் சிலேனைப் போட்டால் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. வெப்பம் 140 முதல் 155 டிகிரி செல்சியஸுக்குள் சில நிமிடங்கள் நிற்க வேண்டும். அதற்குக் கீழே வினை பாதியில் நின்றுவிடும். 160-ஐத் தாண்டினால் சிலேனே கந்தகத்தைக் கக்கி, மிக்ஸருக்குள்ளேயே ஸ்கார்ச் (நேரத்துக்கு முன்பே குயூர்) ஆரம்பித்துவிடும். ஒருநாள் அவசரத்தில் ரோட்டார் வேகத்தைக் கூட்டினேன், 170 தொட்டது. கதவைத் திறந்தால் ஷீட் ஆக மறுக்கும் சொரசொரப்பான உருண்டைகள். மொத்த பேட்சும் வீண். இப்போது 145-ஐத் தொட்டதும் வேகத்தைக் குறைத்து அங்கேயே பிடித்து வைக்கிறேன். சிலேன் சிலிக்காவைப் பிடிக்கும்போது வெளியேறும் எத்தனாலுக்கு நல்ல காற்றோட்டமும் வேண்டும். அது எளிதில் தீப்பிடிக்கும்.

ஸ்டியரிக் அமிலம் பூசிய கால்சியம் கார்பனேட்டையும் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி கலக்கும், ஷீட் வழவழப்பாக வரும். ஆனால் அந்தப் பூச்சு ரப்பரைப் பிடிக்காது. இழுத்தால் துகளைச் சுற்றி விட்டுக்கொடுத்துவிடும். அதை வலுவுக்காக வாங்குவது வீண்.

சிலேனை முன்கூட்டியே பூசிய சிலிக்கா கையாளச் சுலபம். மிக்ஸரில் அந்த வெப்பப் போராட்டமும் எத்தனாலும் பெரும்பாலும் இல்லை. விலைதான் இடிக்கிறது. தனியாகச் சிலேன் வாங்குபவர்கள் சின்ன டின்னாக வாங்குங்கள். திறந்துவைத்த டின்னில் ஈரக்காற்று பட்டால், நாம் சிலிக்காவோடு நடக்கட்டும் என்று நினைத்த வினை டின்னுக்குள்ளேயே தொடங்கிவிடும்.