டர்போவுக்கு எண்ணெய் போகும் வழி: செந்தூல் பட்டறை ஒன்றைப் பற்றி

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ என்ற சுழலி பொருத்திய காரில் நீலப் புகையோ வழக்கத்துக்கு மாறான ஒலியோ வந்தவுடன் டர்போவையே மாற்றச் சொல்லிவிடும் பட்டறைகளுக்குக் கோலாலம்பூரில் பஞ்சமில்லை. செந்தூலில் நம்மவர் ஒருவர் நடத்தும் இந்தச் சிறிய பட்டறை அவ்வாறு செய்யவில்லை.

என் கார் கீச்சிடத் தொடங்கியிருந்தது. உரிமையாளர் முதலில் எஞ்சினின் எண்ணெய் அழுத்தத்தை அளந்தார். அது சரியாகவே இருந்ததால், டர்போவுக்கு எண்ணெய் கொண்டு செல்லும் மெல்லிய குழாயைக் கழற்றி, அதன் முனையிலிருந்த துளையுள்ள போல்ட்டை விளக்கொளியில் பிடித்துக் காட்டினார். உள்ளிருந்த நுண்ணிய சல்லடையில் கருகிய எண்ணெய் தாராகப் படிந்து, வெளிச்சம் புகக்கூட இடமில்லாதிருந்தது. நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடிய டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மீதுதான் மிதக்கிறது என்பதையும், நெடுஞ்சாலையில் விரைந்து வந்து உடனே எஞ்சினை நிறுத்தினால் தேங்கும் எண்ணெய் அந்தச் சூட்டிலேயே கருகும் என்பதையும் பொறுமையாக விளக்கினார்.

"அண்ணே, குழாயை விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாற்றினால் புதியதும் நிலைக்காது" என்றார்.

தண்டில் ஆட்டம் அதிகமில்லை என்று கையால் அசைத்துப் பார்த்து உறுதி செய்தபின், குழாய், போல்ட், செம்பு வாஷர்கள், எஞ்சின் எண்ணெய், வடிகட்டி ஆகியவற்றை மட்டும் மாற்றினார். எண்ணெய் திரும்பி வடியும் குழாயையும் சுத்தம் செய்தார். பழைய வாஷரை மீண்டும் பயன்படுத்தாத இந்த ஒழுக்கம் பல இடங்களில் காணக் கிடைக்காதது. ஒலி நின்றுவிட்டது; செலவும் புதிய டர்போவின் விலைக்கு அருகில்கூட வரவில்லை.

காத்திருக்க வசதியான இடமில்லை என்பது குறையே. சனிக்கிழமைகளில் கூட்டம் மிகுதி என்பதால், முன்கூட்டியே அழைத்துவிட்டுச் செல்வது நல்லது.