பட்ஜெட் டிஸ்க் பிரேக்: கேபிளா, ஹைட்ராலிக்கா?

மவுண்டன் பைக்கில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றதும் முழு செட்டையும் மாற்றிவிடலாமே என்றுதான் தோன்றும். பல நேரம் அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் பேடின் உராய்வுப் பகுதி அரை மில்லிமீட்டர் மட்டுமே மிஞ்சும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். அல்லது செயினுக்கு அடித்த ஸ்பிரே டிஸ்க்கிலும் பட்டு, பேட் எண்ணெய் குடித்துக் கிடக்கும். கம்பியால் இழுக்கும் கேபிள் பிரேக் என்றால் உறைக்குள் துரு, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் என்றால் குழாய்க்குள் காற்று. இதெல்லாம் புதுப் பேடிலோ புதுக் கேபிளிலோ குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் ஒரு பிளீடிங்கிலோ முடிகிற வேலை. பேடைத் தள்ளும் பிஸ்டனின் ஓரத்தில் எண்ணெய் கசிகிறது, லீவருக்குள் சீல் போய்விட்டது, அந்த மாடலுக்குப் பேடே கிடைப்பதில்லை என்கிற நிலை வந்தால்தான் புது பிரேக் பேச்சு. சைக்கிளோடு வந்த மலிவுக் கேபிள் காலிப்பரை (பேட்களைத் தாங்கி அழுத்தும் பகுதி) எவ்வளவு திருகியும் வழிக்கு வரவில்லை என்றாலும் மாற்றலாம்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி கேபிளா, ஹைட்ராலிக்கா என்பது.

மலிவான கேபிள் காலிப்பர்களில் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கப் பேட் மட்டுமே நகரும். அது டிஸ்க்கைச் சற்று வளைத்து எதிர்ப்பக்கப் பேடின் மேல் அழுத்தும். பேட் தேயத் தேய இடைவெளி கூடும். அதை நாம்தான் அவ்வப்போது திருகிச் சரிசெய்ய வேண்டும். கேபிளிலேயே நல்ல ரகங்களும் உண்டு. அவிட் பிபி7-இலும் ஒரு பேட்தான் நகரும், ஆனால் இரண்டு பக்கமும் கையால் திருகக்கூடிய குமிழ் இருப்பதால் இடைவெளியைத் துல்லியமாக வைக்கலாம். டிஆர்பி ஸ்பைக்கில் இரண்டு பேடும் சேர்ந்தே நகரும், டிஸ்க் வளையாது. நெளிந்து சுருங்காத வகைக் கேபிள் உறையையும் போட்டால் இவை இரண்டும் நன்றாகவே பிடிக்கும்.

சிக்கல் விலையில்தான். நல்ல கேபிள் காலிப்பர் இரண்டு, அதற்கேற்ற உறை, புதுக் கேபிள் எல்லாவற்றையும் கூட்டினால், ஷிமானோ எம்டி200 போன்ற அடிப்படை ஹைட்ராலிக் செட்டின் விலையைத் தொட்டுவிடும், சில சமயம் தாண்டியும்விடும். அந்த ஹைட்ராலிக் செட்டோ லீவர், குழாய், காலிப்பர் எல்லாம் இணைத்து, எண்ணெயும் நிரப்பியே வருகிறது. பேட் தேய்ந்தால் பிஸ்டன் தானாக முன்னே நகர்ந்துகொள்ளும். ஒற்றை விரலால் அழுத்தினாலே போதும். நீண்ட இறக்கத்தில் கை வலிக்காமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆகவே பெரும்பாலானவர்களுக்கு என் பதில் ஹைட்ராலிக்தான்.

கேபிளுக்கு இரண்டு பேர் மிச்சம் இருக்கிறார்கள். ஆள் நடமாட்டமில்லாத பாதையில் நாள்கணக்கில் போகிறவர் ஒருவர்: கேபிள் அறுந்தால் பையிலிருக்கும் இன்னொரு கேபிளும் ஓர் ஆலன் சாவியும் போதும், எண்ணெயும் புனலும் தேட வேண்டாம். இன்னொருவர், பிரேக் லீவரும் கியர் ஷிஃப்டரும் ஒரே துண்டாக வந்த பழைய சைக்கிள் வைத்திருப்பவர். ஹைட்ராலிக்குக்கு மாறினால் அவர் ஷிஃப்டரையும் தனியாக வாங்க வேண்டும். அதைக் கணக்கில் எடுக்காமல் பெட்டியை வாங்கிவந்து முழிப்பவர்கள் நிறைய. கேபிளில் இன்னொரு கண்ணியும் உண்டு. மவுண்டன் பைக் காலிப்பருக்கு சக்கர விளிம்பைப் பிடிக்கும் வி-பிரேக்கின் லீவர் போல அதிகக் கேபிள் இழுக்கும் லீவர் தேவை. அதே காலிப்பர் பெயரில் ரோடு சைக்கிளுக்கான வடிவமும் விற்கிறது. அது குறைவாக இழுக்கும் லீவருக்கானது. இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் ஒழுங்காகப் பிடிக்காது.

நடுவில் ஒரு கலப்பு ரகம் இருக்கிறது. லீவரிலிருந்து காலிப்பர் வரை கேபிள், காலிப்பருக்குள் மட்டும் கொஞ்சம் எண்ணெய். கேபிள் உராய்வும் மிஞ்சுகிறது, எண்ணெய்ப் பராமரிப்பும் சேர்ந்துகொள்கிறது. ஷிஃப்டரோடு ஒட்டிய லீவரை விட முடியாதவர்களைத் தவிர வேறு யாருக்கும் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

எம்டி200, டெக்ட்ரோ, டியோரே

ஹைட்ராலிக்கின் கீழ்ப்படியில் மோதுவது பெரும்பாலும் ஷிமானோ எம்டி200-உம் டெக்ட்ரோ எம்275-உம். இரண்டிலும் இரண்டு பிஸ்டன், இரண்டும் மினரல் எண்ணெயில் ஓடுபவை. ஓட்டும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது; யார் கைக்கு எந்த லீவரின் வடிவம் பொருந்துகிறது என்பதுதான் கேள்வி. என் ஓட்டு எம்டி200-க்கு. காரணம் பிடிப்பு இல்லை, பேட். அது ஏற்கும் பி01எஸ் வடிவப் பேட் பல வருடங்களாகச் சந்தையில் இருக்கிறது. பழைய ஷிமானோ மாடல்கள் பலவும், மேலே சொன்ன டிஆர்பி ஸ்பைக்கும்கூட அதே வடிவம்தான். எந்த ஊர் சைக்கிள் கடையிலும் ஒரு ஜோடியாவது தொங்கிக்கொண்டிருக்கும் வடிவம் என்றால், அது பிரேக்கின் ஆயுளையே கூட்டுகிறது.

குறை இல்லாமல் இல்லை. எம்டி200-இன் லீவர் நீளமானது. கையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை மாற்ற ஒரு சின்ன ஆலன் சாவி வேண்டும். முக்கியமாக, ஷிமானோ சர்வோ வேவ் என்று அழைக்கும் அமைப்பு இதில் கிடையாது. அந்த அமைப்பு லீவரின் தொடக்க அசைவில் பேடை விரைவாக டிஸ்க்கிடம் கொண்டுபோய், பேட் தொட்ட பிறகு அழுத்தத்தைக் கூட்டித் தரும். ஷிமானோவின் டியோரே எம்6100-இல் அது உண்டு, லீவர் தூரத்தையும் கருவி இல்லாமலே மாற்றலாம். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினால் எம்6100-இன் பிடி சட்டென்று கூர்மையாக இருப்பது தெரியும். செங்குத்தான, கல் நிறைந்த பாதையில் அடிக்கடி போகிறவர் அந்தக் கூடுதல் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். மண்சாலையும் வேலைக்குப் போய்வருவதும்தான் என்றால் அந்தக் காசைப் பாக்கெட்டிலேயே வைத்திருக்கலாம், அல்லது டிஸ்க்கில் போடலாம்.

நான்கு பிஸ்டன் காலிப்பர்களும் இப்போது எட்டும் விலைக்கு வந்துவிட்டன, ஷிமானோ எம்டி420 போல. உடல் எடை அதிகம், நீண்ட இறக்கம், மின்சார சைக்கிள் என்றால் நியாயமான தேர்வு. பணம் இழுபறி என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும் நான்கு பிஸ்டன், பின்னால் இரண்டு என்று போடலாம். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது.

பழைய விலையுயர்ந்த செட் ஒன்று கைமாற்றாக மலிவாகக் கிடைக்கிறதா? அதில் என்ன திரவம் என்று முதலில் பாருங்கள். ஸ்ராம் நிறுவனத்தின் பழைய மாடல்கள் பெரும்பாலும் டாட் 5.1 என்ற பிரேக் திரவத்தில் ஓடுபவை. அதன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 260 டிகிரி செல்சியஸ். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே வந்து 180 வரை இறங்கலாம். அதனால் காலாகாலத்தில் மாற்றியாக வேண்டும், பெயிண்டில் பட்டால் அரிக்கவும் செய்யும். மினரல் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சாது. ஒன்றுக்குரிய பிரேக்கில் மற்றதை ஊற்றினால் சீல்கள் கெட்டுப்போகும்.

டிஸ்க்கும் பொருத்தமும்

பிரேக் பிராண்டை நாள்கணக்கில் அலசுகிறவர்கள் டிஸ்க் அளவைக் கவனிப்பதில்லை. 160 மில்லிமீட்டர் டிஸ்க்கை 180 ஆக்கினால், அதே விரல் அழுத்தத்துக்கு நிறுத்தும் திறன் சுமார் 12.5 சதவீதம் கூடும், வெப்பமும் நன்றாக வெளியேறும். 203 என்றால் 27 சதவீதம். எம்டி200-ஐ 180 டிஸ்க்கோடு முன்னால் போடுவது, எம்6100-ஐப் பழைய 160-உடன் போடுவதைவிடப் பலருக்கு நல்ல பேரம். ஃபோர்க்கும் ஃபிரேமும் அந்த அளவைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். உலோகப் பேட் போடும் எண்ணம் இருந்தால் டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். மலிவு டிஸ்க்குகள் பல ரெசின் (பிசின் கலவை) பேடுக்கு மட்டுமே ஆனவை. உலோகப் பேட் அவற்றைச் சீக்கிரம் தேய்த்துவிடும்.

ஆர்டர் போடும் முன் அளவு நாடாவை எடுங்கள். காலிப்பர் போல்ட் துளைகளுக்கு இடையே 74 மில்லிமீட்டர் என்றால் போஸ்ட் மவுண்ட் என்ற பொருத்து முறை, 51 என்றால் ஐஎஸ் என்ற பழைய முறை. பிந்தையதற்கு அடாப்டர் வேண்டும். சக்கரத்தில் டிஸ்க் ஆறு போல்ட்டில் நிற்கிறதா, நடுவில் ஒரே வளையத்தால் இறுகும் சென்டர் லாக்கா என்றும் பாருங்கள். கடைசியாக, நிரப்பி வரும் செட்டில் எந்தக் கை லீவர் முன் சக்கரத்துக்கு என்பது குழாய் நீளத்தோடு சேர்த்தே முடிவாகியிருக்கும். வலக்கையில் முன் பிரேக் பழகியவர் இடக்கை செட்டை வாங்கிவிட்டால் குழாயைக் கழற்றி, குழாய் முனையை இறுக்கும் சிறு பாகங்களான ஆலிவும் பார்பும் புதிதாகப் போட்டு, மறுபடி பிளீட் செய்ய வேண்டியிருக்கும்.