டர்ன்டேபிள் பரிசு: முதலில் முள்ளைப் பாருங்கள்

பெரியப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பணம் போட்டு ஒரு டர்ன்டேபிள், அதாவது ரெக்கார்டு பிளேயர், வாங்கினோம். அலசலில் கடைசிவரை நின்றவை இரண்டு: ஆடியோ-டெக்னிகாவின் எல்பி60எக்ஸ், எல்பி120எக்ஸ். எடுத்தது 120எக்ஸ். விலை ஏறக்குறைய இரு மடங்கு என்றாலும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் பிளேயர்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். பார்க்க அழகுதான். ஆனால் பல மாடல்களில் முள் ஐந்து கிராம் அளவுக்கு அழுத்தி ரெக்கார்டைத் தேய்க்கும். குறைக்க வழி கிடையாது. பழைய பிளேயர் ஒன்றைப் பழுது பார்த்துக் கொடுக்கலாமே என்றார் அண்ணன். எனக்கும் ஆசைதான். ஆனால் அவற்றில் தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம் இறுகிப்போயிருந்தால் வேகம் அலையும். சினிமாப் பாட்டில் கவனிக்காமல் விடலாம். நாகஸ்வரத்தின் நீண்ட கார்வையில் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல மெக்கானிக் கைவசம் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

60எக்ஸுக்குப் பெரிய பலம், எல்லாம் தானாக நடப்பது. பட்டனை அழுத்தினால் முள்ளைத் தாங்கும் கை எழுந்து ரெக்கார்டின் ஓரத்தில் போய் இறங்கும்; பக்கம் முடிந்ததும் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். 120எக்ஸில் அது கிடையாது. கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்தால் முள் கடைசி வளையத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், யாராவது எழுந்து போய்த் தூக்க வேண்டும். எண்பது வயதுக் கைக்கு இது சின்ன விஷயம் இல்லை. முள்ளை மெதுவாக இறக்கி ஏற்ற ஒரு நெம்பு இருக்கிறது, அதை வைத்துச் சமாளிக்கிறார்.

அப்படியும் 120எக்ஸை எடுத்ததற்குக் காரணம் அவருடைய பெட்டி. 33 சுழற்சி எல்பிகளும் 45 சுழற்சி இபிகளும் போக, அடியில் கனமான 78 சுழற்சி (நிமிடத்துக்கு 78 சுற்று) அரக்குத் தட்டுகள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 78 நின்றுபோன பிறகும் இந்தியாவில் 1960களில் வந்துகொண்டுதான் இருந்தது. அதனால் நம் ஊர்ப் பழைய ரசிகர் வீட்டில் அது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 60எக்ஸில் 33, 45 என இரண்டு வேகம்தான். 120எக்ஸில் 78-உம் உண்டு.

வேகம் மட்டும் போதாது, முள்ளும் வேண்டும். 78-இன் பள்ளம் அகலம். அதற்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள முனை வேண்டும். எல்பிக்கான முனை அதில் கால்வாசிதான் இருக்கும். அதை 78-இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலைத்தான் வாரிக்கொண்டு வரும். அந்தக் கால பிளேயர்கள் சிலவற்றில் முள்ளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிவிடும் சின்ன நெம்பே இருந்தது இதற்காகத்தான்.

120எக்ஸோடு வருவது விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (முள் பொருந்தும், அதன் அதிர்வை மின் சைகையாக்கும் சிறு பாகம்). அந்த வரிசையின் முட்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை. 78-க்கென்றே எஸ்பி என்று ஒன்றும் உண்டு. மாற்றுவது சுலபம்: பிளாஸ்டிக் பிடியின் முன்பக்கத்தைப் பிடித்துக் கீழ்நோக்கிச் சாய்த்தால் கழன்று வரும், புதியதைச் செருகினால் டிக்கென்று உட்காரும். 78 முள்ளுக்கு அழுத்தம் கூடுதலாக வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறையும் பின்னால் உள்ள எடையைத் திருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு நாங்கள் யாராவது உடனிருக்கிறோம்.

பராமரிப்புச் செலவும் முள்ளில்தான். கூட வரும் முள்ளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் சுமார் 300 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் கேட்டால் ஒரு வருடம்கூடத் தாங்காது. தேய்ந்த முள் ரெக்கார்டையே அறுத்துவிடும். 60எக்ஸிலும் முள்ளை மட்டும் மாற்றலாம், மலிவும்கூட. ஆனால் கார்ட்ரிட்ஜ் கையோடு சேர்ந்தது, அதைவிட நல்ல கார்ட்ரிட்ஜுக்குப் போக முடியாது. 120எக்ஸில் போகலாம். பெல்ட்டும் இல்லை, மோட்டார் நேரடியாகவே தட்டைச் சுழற்றுகிறது.

இன்னொரு லாபம், வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை. பழைய தட்டுகள் பல கச்சிதமாக 78-இல் பதிவானவை அல்ல. பெரியப்பா சுருதிப்பெட்டியை ஓடவிட்டு, பாட்டு அதோடு சேரும்வரை தள்ளிக்கொண்டிருப்பார். மற்றவர்களுக்கு அதற்குள் பொறுமை போய்விடும்.

ரேகா பிளானர் 1 என்ற இன்னொரு டர்ன்டேபிளை நண்பர் வீட்டில் ஒரு மாலை கேட்டதோடு சரி. ஒலி இன்னும் தெளிவாக இருந்ததாகத் தோன்றியது, தீர்ப்பு சொல்ல அது போதாது. ஆனால் 45-க்கு மாற வேண்டுமானால் ரெக்கார்டைத் தாங்கிச் சுழலும் தட்டைத் தூக்கி பெல்ட்டை இடம் மாற்ற வேண்டும். இபி நிறைய வைத்திருப்பவருக்கு அது தொல்லை. கார்ட்ரிட்ஜின் மெல்லிய சைகையைப் பெருக்கித் தரும் போனோ பிரீ-ஆம்ப்பும் அந்த அடிப்படை மாடலில் இல்லை. ஆடியோ-டெக்னிகா இரண்டிலும் அது உள்ளேயே இருக்கிறது, பவர் உள்ள எந்த ஸ்பீக்கரிலும் நேராகச் செருகலாம்.

எதை வாங்கினாலும் பெட்டியோடு ஒரு உபரி முள்ளும் வைத்துக் கொடுங்கள். பரிசு பெறுபவர் புதிதாக எல்பி சேர்ப்பவர், 78 பக்கமே போகமாட்டார் என்றால் 60எக்ஸே போதும். மிச்சப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள்.