பழைய ஓவியம் பிரிண்ட் போட ஒரு கடை, கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்

கல்யாண ஆல்பம்தான் இந்த ஸ்டுடியோவின் முக்கிய வேலை. கேட்டால் பழைய ஓவியங்களையும் 12×18 அங்குலத்தில் பிரிண்ட் எடுத்து ஃப்ரேம் போட்டுத் தருகிறார்கள். ஃப்ரேம் வேலை சுத்தம்: கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே மவுண்ட் போர்டு வைப்பதால் மழைக்காலத்தில் தாள் கண்ணாடியில் ஒட்டாது. பிரிண்ட் எடுக்கும்போதுதான் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அதுவும் குழந்தைகள் உள்ள ஓவியம் என்றால்.

திப்புவின் மகன்களை ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிணையாகப் பெறும் ராபர்ட் ஹோமின் ஓவியம் நம்ம ஊர்க் கதை. 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில்தான் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. திப்பு கட்டவேண்டிய 3 கோடியே 30 லட்சம் ரூபாய் நஷ்டஈட்டில் பாக்கி தீரும்வரை அப்துல் காலிக், முயிசுத்தீன் என்ற இரண்டு பையன்கள் பணயம். படத்திலோ கார்ன்வாலிஸ் பையன் கையைப் பிடித்து வரவேற்கிறார், மாமா வீட்டுக்கு விருந்து வந்த பிள்ளைகள் போல. இனி நீங்கள்தான் இவர்களுக்குத் தகப்பன் என்று திப்புவின் வக்கீல் (அதாவது தூதர்) குலாம் அலி கார்ன்வாலிஸிடம் சொன்னதாக அன்றைய ஆங்கிலேய அதிகாரி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தகப்பன் வேஷத்தைத்தான் ஓவியர் தீட்டியிருக்கிறார். வெள்ளைக்காரர் நிறமும் பையன்கள் நிறமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் அது உறைக்கும். ஆபரேட்டரோ பழக்கதோஷத்தில் எல்லா முகத்தையும் வெளுப்பாக்கிவிடுகிறார்! ‘கலர் கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த வில்லங்கம் ஓரம் வெட்டுவது. ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் ‘கிரஹாம் குழந்தைகள்’ (1742) கிட்டத்தட்டச் சதுரம். 18 அங்குல அகலத்துக்கு நிரப்பினால் உயரம் 16 அங்குலம் வரும், தாள் 12தான். மேலும் கீழுமாக 4 அங்குலம் போய்விடும். அதிலுள்ள கைக்குழந்தை படம் முடிவதற்குள் இறந்துவிட்டது. அரிவாள் ஏந்திய உருவம் நிற்கும் கடிகாரமும், கூண்டுக் குருவியை முறைக்கும் பூனையும் சும்மா அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல, சாவின் அடையாளங்கள். முழுப் படத்தையும் அடக்கி, பக்கவாட்டில் வெள்ளை விடச் சொல்லுங்கள். இருண்ட பகுதி அப்பிக்கொண்டால் பூனை மறைந்துவிடும். 4×6 சாம்பிள் ஒன்று எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் தீட்டிய ஃபெலிப்பே புரோஸ்பெரோ (1659) படத்துக்குக் கடையில் ‘இளவரசி’ என்று லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். அது பையன். அந்தக் கால ஐரோப்பாவில் ஆறேழு வயதுவரை ஆண் பிள்ளைகளுக்கும் பாவாடைதான். இடுப்பில் தொங்கும் மணியும் தாயத்தும் கண்ணேறு படாமலிருக்க. ஸ்பெயின் அரியணைக்கு வாரிசு அவன். 1661இல், நான்கு வயது நிரம்பும் முன்பே இறந்தான். லேபிள் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுப்பது நல்லது.

ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். பென் டிரைவில் கொண்டுபோங்கள். நீளப் பக்கம் 5400 பிக்சல் இருந்தால் உத்தமம், 3600க்குக் கீழே இறங்க வேண்டாம். தாள் மேட் கேளுங்கள். கிளாஸி தாளில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்து பாதிப் படம் தெரியாது.