கடற்காற்றுக்கு எதிராக ஒரு மெல்லிய படை
உப்புவெளியில் கடலை நோக்கியுள்ள எங்கள் வீட்டு அலுமினிய யன்னல் சட்டங்களில் வெண்பொடியும் நுண்குழிகளும் தோன்றியதால், திருகோணமலை நகரில் சேதன அரிப்புத் தடுப்பான் கலந்த திரவம் ஒரு போத்தல் வாங்கினேன். அலுமினியம் தானே உருவாக்கிக்கொள்ளும், சில நானோமீற்றர் தடிப்பே உள்ள ஒட்சைட்டுப் படலத்தை, கடற்காற்றிலுள்ள குளோரைட்டு அயன்கள் பலவீனமான இடங்களில் துளைத்துவிடுகின்றன. இத்திரவத்திலுள்ள தடுப்பானாகிய 8-ஐதரொட்சிக்குயினோலின் என்ற சேர்வையின் மூலக்கூறுகளோ தம் நைதரசன், ஒட்சிசன் அணுக்களால் அலுமினிய அயன்களைக் கவ்விப் பிடித்து, நீரில் எளிதில் கரையாத படையாக அவ்விடங்களை மூடுகின்றன. ஒரு வருடமாகப் புதிய குழி எதுவும் கண்ணில் படவில்லை. உப்பை நன்னீரால் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே பூச வேண்டும் என்பதைப் போத்தலில் குறிப்பிடாதது பெருங்குறை. கடைக்காரர்தான் அதைப் பொறுமையாக விளக்கினார். பழைய குழிகளை இது நிரப்பாது. மாரி தொடங்குமுன் இன்னொரு போத்தல் வாங்கவுள்ளேன்.