ஜிடிஜி, வேர்ட்பிரஸ், எம்விபி: பினாங்குல எதுக்கு லீடரா போறது?

போன வாரம் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில இருக்கற பட்டர்வொர்த்ல இருந்து ஒரு தம்பி வாட்சப்ல கேட்டான், "அண்ணே, நானும் கம்யூனிட்டி லீடர் ஆகலாம்னு இருக்கேன், ஜிடிஜி நல்லதா வேர்ட்பிரஸ் நல்லதா, இல்ல நேரா எம்விபிக்கே போயிடவா"ன்னு. கம்யூனிட்டி லீடர்னா டெக் ஆளுங்க குரூப்ப கூட்டி நடத்தறவன்; ஜிடிஜி கூகுள் பேர்ல நடக்கற குரூப், வேர்ட்பிரஸ் வெப்சைட் போடற சாஃப்ட்வேர், எம்விபி (Most Valuable Professional) மைக்ரோசாப்ட்டோடது. மூணையும் ஒரே கல்லுல சுட்ட ரொட்டி சானாய்னு நெனச்சிட்டான் போல. சம்பளம் கெடையாதுங்கறதுல மட்டும்தான் மூணும் ஒண்ணு.

எம்விபிய மொதல்ல ஓரமா வச்சிடலாம், அது பதவியே இல்ல, விருது. மைக்ரோசாப்ட் 1993ல இருந்து குடுத்துட்டு வருது, ஒரு வருசத்துக்குத்தான், அடுத்த வருசம் மறுபடி பாத்துட்டுத்தான் நீட்டிப்பாங்க. எம்விபியா இருக்கற யாராவது, இல்ல அந்தக் கம்பெனி ஆளு யாராவது உன் பேர சொல்லணும், அதுவும் நீ ஏற்கெனவே செஞ்ச வேலைக்கு. அதனால குரூப் நடத்திட்டு அப்புறம் யோசி.

ஜிடிஜின்னா கூகுள் டெவலப்பர் குரூப். பேருக்கே கூட்டம் வரும், ஹால் கேட்டாலும் கொஞ்சம் மரியாதையா பேசுவாங்க, வருசக் கடைசி பக்கம் டெவ்ஃபெஸ்ட்னு பெரிய டெக் விழா ஒண்ணு நடத்தலாம். ஆனா அந்தப் பேராலயே தொல்லையும் உண்டு, ஆர்கனைசர் கூகுள் ஸ்டாஃப் இல்லன்னு எத்தன தடவ சொன்னாலும் நிகழ்ச்சி முடிஞ்சதும் ரெசுமே நீட்டறவங்க இருக்காங்க. இன்னொண்ணு, மெம்பர் லிஸ்ட் அவங்க தளத்துலதான் கெடக்கும். 2019 ஏப்ரல்ல கூகுள் பிளஸ்ங்கற அவங்க சோசியல் மீடியாவ மூடினப்ப அதுல குரூப் வச்சிருந்தவங்க மூட்ட முடிச்சோட வேற எடம் தேடிப் போனத பாத்தவன் நான், அந்தப் பயம் இன்னும் போகல.

வேர்ட்பிரஸ் மீட்டப் வேற ரகம். கோட் எழுதறவங்கள விட, கேட்டரிங் செய்ற அக்கா, ஹோம்ஸ்டே வச்சிருக்கற அங்கிள், பகுதி நேரமா சைட் போட்டுக் குடுக்கற பசங்கன்னு வருவாங்க, "ப்ளகின் அப்டேட் பண்ணேன், சைட்டே வெள்ளையாயிடுச்சு"ன்னு லேப்டாப்ப தூக்கிட்டு வருவாங்க (ப்ளகின்னா சைட்ல சேக்கற துணை புரோகிராம்). விதி கொஞ்சம்தான் ஆனா கறார்: பேசறவருக்கும் காசு கெடையாது, உன் சொந்த பிசினஸுக்கு ஆள் புடிக்கக் கூடாது, நம்பிக்கையான மெம்பர் யார் வேணாலும் நிகழ்ச்சி போடலாம். வேர்ட்பிரஸ்காரங்க திட்டத்துல சேந்துட்டா, கூட்டத்துக்கு ஆள் சேக்கற மீட்டப்.காம் தளத்துக்கான கட்டணத்த அவங்களே கட்டிடுவாங்க, அக்கவுண்டும் அவங்க பேர்ல இருக்கும், நீ விலகினா இன்னொருத்தர் வந்து உக்காந்துக்கலாம். எனக்குப் புடிச்சதே இதுதான்.

எதுல சேந்தாலும் வேலை என்னமோ ஒண்ணுதான். ஒரு தடவ 60 பேர் வர்றேன்னு கிளிக் பண்ணாங்க, நானும் பெரிய மனசா 45 பொட்டலம் நாசி லெமாக்குக்கு சொல்லிட்டேன், சைவம் தனியா 10. மத்தியானம் புடிச்ச மழை விடவே இல்ல. வந்தது 19 பேர். மிச்சத்த காருக்குள்ள ஏத்தி ராத்திரி பூரா சம்பால் வாசனையோட எங்க தாமான் குடியிருப்புல வீடு வீடா குடுத்துட்டு வந்தோம், பொண்டாட்டி ஒரு வார்த்த பேசல, அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. தேதி வைக்கறதும் லேசு இல்ல, தைப்பூசம் பாக்கணும், சீனப் புத்தாண்டு பாக்கணும், நோன்பு மாசத்துல சாயங்காலம் ஏழு மணின்னு போட்டா நோன்பு திறக்கற நேரத்துல யாரு வருவா? இதெல்லாம் எந்த லீடர் கைட்லயும் இருக்காது.

தம்பிக்கு நான் சொன்னது இதான்: நீ சைட் போடற ஆளு, வேர்ட்பிரஸுக்குப் போ. ஜிடிஜின்னா கூட ரெண்டு பேர் உறுதியா நிக்கணும், தனியா இழுத்தா ஆறே மாசத்துல நாக்கு தள்ளிடும். அப்புறம் சேர்றதுக்கு முன்னாடியே எப்படி வெளிய வர்றதுன்னு கேட்டு வச்சுக்கோ. உபுண்டுங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்காரங்க நடத்தை விதியிலயே, விலகறவங்க அடுத்தவங்க தொடர்ற மாதிரி விட்டுட்டுப் போங்கன்னு எழுதி வச்சிருக்காங்க, நம்ம ஊர் குரூப்ல முக்கால்வாசி பேரு பாஸ்வேர்டோடயே காணாம போயிடறாங்க.

எல்லாத்தையும் கேட்டுட்டு, "டீ-ஷர்ட் எதுலண்ணே நல்லாருக்கும்"னான். சனிக்கிழமை ஒம்பது மணிக்கு நாற்காலி அடுக்க வா, சொல்றேன்னேன். "பினாங்கு பாலத்துல ஜாமா இருக்குமேண்ணே"ங்கறான்.